பள்ளுருத்தி: காயலும் சந்தையும் வளர்த்த ஊர்

கொச்சி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன சீன வலைகளும், மட்டாஞ்சேரி அரண்மனையும், மிளகு மணக்கும் யூதத் தெருவும்தாம். சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து தெற்கு நோக்கித் தோப்பும்படியைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் பள்ளுருத்தி என்னும் பழைய ஊர் வரும். கோட்டையோ அரண்மனையோ இவ்வூரில் இல்லை. ஆனால், நிலம், நீர், ஆட்சி, வாணிபம் ஆகிய நான்கும் ஓர் ஊரின் வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்குப் பள்ளுருத்தி சிறந்ததோர் பாடம்.

நீர் வகுத்த நிலம்

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டதாகவும், அதனால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மணல் மூடிப் போக, கொச்சியில் புதிய முகத்துவாரம் திறந்ததாகவும் வரலாற்றாசிரியர் கூறுவர். அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வேம்பநாட்டுக் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தாழ்ந்த நிலப்பரப்பில் பள்ளுருத்தி அமைந்துள்ளது. மேற்கே முண்டம்வேலி, கண்ணமாலி, செல்லானம் முதலிய கடலோர ஊர்கள். கிழக்கே விரிந்த காயல். தெற்கே இடக்கொச்சி, அதற்கப்பால் நீரைக் கடந்தால் அரூர். இடையிடையே தோடுகள் எனப்படும் கால்வாய்கள் ஊரை ஊடறுத்துச் செல்கின்றன.

இந்நிலத்துக்கென்றே அமைந்தது பொக்காளி நெல். கோடையில் காயல்நீர் உவர்ப்பேறும். தென்மேற்குப் பருவமழை பெய்து உப்பைக் கழுவியதும் ஜூன் மாதத்தில் விதைப்பர். வெள்ளத்தில் மூழ்காதபடி ஆள் உயரத்துக்கு வளரும் இந்நெல்லுக்கு உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. அறுவடையின்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவர். பின்னர் உவர்நீரை உள்ளே விட, அழுகிய தாளே இறாலுக்கு இரையாகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் வளர்ப்பு. ஒரே வயலில் ஆண்டுக்கு இருவகை வருவாய் என்னும் இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் எந்தத் திட்ட அறிக்கையும் இன்றிக் கண்டறிந்தனர். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கரையோரங்களில் விளையும் பொக்காளி அரிசி 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

பெயர் பல, ஊர் ஒன்று

பழைய நாளில் பள்ளுருத்தி கொச்சி அரசின் பகுதி. காயலின் அக்கரையில் உள்ள அரூரோ திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. ஓடம் ஏறி மறுகரை அடைந்தால் அரசரே வேறு. 1949 ஜூலை 1 அன்று இவ்விரு அரசுகளும் இணைந்தன. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாயிற்று. 1958 ஏப்ரல் 1 அன்று எர்ணாகுளம் மாவட்டம் பிறந்தது. இவ்வாறு ஒன்பதாண்டுக் காலத்துக்குள் பள்ளுருத்தியின் மேலாட்சி மும்முறை மாறியது.

நான்காவது மாற்றம் 1967 நவம்பர் 1 அன்று நேர்ந்தது. எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி என்னும் மூன்று நகராட்சிகளையும், வெல்லிங்டன் தீவையும், பள்ளுருத்தி, வெண்ணல, வைற்றில, இடப்பள்ளி என்னும் நான்கு ஊராட்சிகளையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டது. ஊராட்சியாக இருந்த பள்ளுருத்தி அன்று முதல் மாநகரின் பகுதியாயிற்று.

இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. செல்லானம், கும்பளங்கி முதலிய கிராம ஊராட்சிகளை உள்ளடக்கிய பிளாக் பஞ்சாயத்து, அதாவது நம் ஊராட்சி ஒன்றியத்துக்கு நிகரான அமைப்பு, இன்றும் பள்ளுருத்தி என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. பெயர் தந்த ஊர் மாநகராட்சிக்குள் சென்றுவிட்டது. பெயர் மட்டும் ஊரகத்திடமே தங்கிவிட்டது. பள்ளுருத்தி என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதியும் நெடுங்காலம் இருந்தது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் அது நீங்கி, 2011 தேர்தலில் கொச்சி என்னும் தொகுதி அவ்விடத்தைப் பெற்றது. வருவாய்த்துறைக் கணக்கிலோ பள்ளுருத்தி இன்றும் கொச்சி வட்டத்தின் கிராமங்களுள் ஒன்று. ஆக, வீட்டுவரி செலுத்துவோர்க்கு இது மாநகரம். நிலவரி செலுத்துவோர்க்கு இது கிராமம்.

ஒரு நாள் வாணிபம்

ஆட்சிக் கோடுகளை விட ஆழமான கோடு ஒன்று இம்மண்ணில் இருந்தது. அது சாதி வகுத்த கோடு. வயலில் இறங்கி உழைத்த புலையர் சமூகத்தார் கோயிலை அணுகவும், பொதுவழியில் நடக்கவும், சந்தையில் சமமாக நின்று வாங்கவும் விற்கவும் தடுக்கப்பட்டிருந்தனர். அக்கட்டுப்பாடு ஆண்டில் ஒரு நாள் மட்டும் தளர்ந்தது. அந்நாளே பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டி நடைபெறும் 'புலவாணிபம்'. புலையரின் வாணிபம் என்பது அதன் பொருள். தனு மாதத்தின், அதாவது நம் மார்கழியின், கடைசி வியாழக்கிழமையில் அவர்கள் அம்மனை வழிபடவும், தம் கையால் செய்த பொருள்களை விற்கவும் கொச்சி அரசர் இசைவளித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாய், கூடை, முறம், மண்பாண்டம், உழவுக் கருவிகள், உலர்மீன் எனச் சந்தை நிறையும்.

ஆண்டு முழுவதும் பிறர்க்காக உழைத்தவர், அந்த ஒரு நாள் மட்டும் தம் பொருளுக்குத் தாமே விலை சொன்னார். வாணிபம் என்பது பண்டத்தைக் கைமாற்றுவது மட்டுமன்று. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் நேர்நின்று பார்ப்பதும் ஆகும். அந்த உரிமையை ஒரு நாளாகச் சுருக்கி வைத்த சமூகத்தின் கொடுமையையும், அந்த ஒரு நாளையும் கைவிடாமல் காத்த மக்களின் உறுதியையும் புலவாணிபம் ஒருங்கே நினைவூட்டுகிறது.

ஒரு நாளை எல்லா நாளாக்கும் முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. 1913ஆம் ஆண்டில், நிலத்தில் கூட்டம் கூட இடம் மறுக்கப்பட்ட புலையர் சமூகத்தார், எர்ணாகுளம் காயலில் வள்ளங்களைப் பிணைத்து அவற்றின்மேல் கூடினர். காயல் சம்மேளனம் என்று கேரள வரலாறு போற்றும் அந்நிகழ்வுக்குக் கவிஞர் பண்டிட் கருப்பன் துணைநின்றார். நிலம் அரசருக்குரியது, நீரைத் தடுப்பார் யார் என்பதே அவர்களின் துணிவு. 1916ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குரு பள்ளுருத்தியில் பவானீசுவரர் கோயிலைப் பிரதிட்டை செய்தார். அதனைப் பேணும் ஸ்ரீ தர்ம பரிபாலன யோகம் பள்ளிகளையும் நடத்திவருகிறது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டிலேயே கோயில் நுழைவு அறிவிக்கப்பட்டது. கொச்சி அரசின் மக்களோ அதன்பின் மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இன்று கோயிலும் சந்தையும் எல்லார்க்கும் எந்நாளும் திறந்துள்ளன. ஆயினும் புலவாணிபம் நின்றுவிடவில்லை. சலுகையாகத் தொடங்கிய நாள், ஊரார் அனைவரும் கூடும் திருவிழாவாக வளர்ந்துள்ளது.

பழனி தந்த இசை

தமிழர்க்கு இவ்வூரோடு இனியதோர் உறவும் உண்டு. மலையாளத் திரையிசையின் முன்னோடிகளுள் ஒருவரான எம். கே. அர்ஜுனன் 1936ஆம் ஆண்டில் போர்ட் கொச்சியில் வறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பழனியில் உள்ள ஜீவகாருண்யானந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட அவர் அங்கேதான் இசை பயின்றார். பின்னாளில் அவருடைய இசைக்குழுவில் இளைஞராக வந்து கீபோர்டு வாசித்தவர் ஏ. ஆர். ரகுமான். புகழ்பெற்ற பின்பும் அர்ஜுனன் பள்ளுருத்தியிலேயே வாழ்ந்து, 2020 ஏப்ரல் 6 அன்று அங்கேயே மறைந்தார்.

கடல் எழுப்பும் வினா

பள்ளுருத்திக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் இன்று எதிர்நிற்கும் வினா நீரைப் பற்றியதே. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலிலும் 2021ஆம் ஆண்டின் டவ்தே புயலிலும் செல்லானம் கரையில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அதன்பின் நான்முனைக் கற்காரைக் கட்டிகளைக் கொண்டு ஏறத்தாழ 344 கோடி ரூபாய் மதிப்பில் கடற்சுவர் அமைக்கும் பணியைக் கேரள அரசு மேற்கொண்டது. சுவர் எழுந்த பகுதியில் மக்கள் நிம்மதியாக உறங்குகின்றனர்; அதற்கப்பால் உள்ளோர் தம் முறைக்காகக் காத்திருக்கின்றனர். காயலுக்குள் கழிவு சேர்வதும், தோடுகள் தூர்வதும், பொக்காளி வயல்கள் குறைவதும் உடன்நிற்கும் கவலைகள். கடற்கரை ஓர் ஊராட்சியின் பொறுப்பு, தோடு மாநகராட்சியின் பொறுப்பு என்று ஏடுகள் பிரித்தாலும், பெருக்கெடுக்கும் நீர் அந்த எல்லைகளை அறியாது.

கொச்சிக்குச் செல்லும் வாசகர்கள், எர்ணாகுளத்திலிருந்து வெல்லிங்டன் தீவு வழியாகத் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்தால் பள்ளுருத்தியை எளிதில் அடையலாம். பெரும்படப்புப் பாலம் கடந்தால் கும்பளங்கியில் சீன வலைகளையும் இறால் வயல்களையும் அமைதியாகக் காணலாம். பொங்கலுக்குச் சில நாள் முன்னதாகச் செல்ல வாய்த்தால் புலவாணிபத்தையும் கண்டு வாருங்கள். அங்கே ஒரு பாயோ முறமோ வாங்கும்போது, அதனை விற்பவரின் முன்னோர் இவ்வுரிமைக்காக ஆண்டு முழுவதும் காத்திருந்தனர் என்பதை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று.