எந்த ஜீன் என்று கேளுங்கள், பிறகு ஊசியைப் பேசலாம்

பசுவந்தனைப் பக்கம் பொழுது சாய்ந்ததும் படியில் தடுக்கி விழும் பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுத்துப் பார்ப்பார்கள். வைட்டமின் ஏ குறைந்து வந்த மாலைக்கண் என்றால் மருந்திலும் சாப்பாட்டிலும் சரியாகும். அப்படியும் சரியாகாமல், பக்கத்தில் கட்டியிருக்கும் ஆட்டின் மேல் பட்டப்பகலிலேயே பிள்ளை முட்டிக்கொண்டால் அது விழித்திரையைத் தின்னும் பரம்பரை நோயாக இருக்கலாம். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்பது அதன் பெயர். டாக்டர்கள் சுருக்கி ஆர்.பி. என்பார்கள். கீரைக்கு இது அடங்காது. "கவனமில்லாத பயல்" என்று முதுகில் ரெண்டு வைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டுகிற வழக்கம் நமக்கு உண்டு. அப்பா, அம்மா இருவரும் ஒரே பழுதான ஜீனை வெளியே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பிப்பான் என்று நினைக்க இடமில்லை. சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் இது வருகிறது. மருமகளை ஏசிப் பயனில்லை.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் ஏமாற்று வேலை ஆரம்பிக்கிறது. நாய்க்குப் பார்வை வந்த செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பொய்யில்லை. பிறவியிலேயே பார்வையற்ற பிரியார்ட் இன நாய்களின் விழித்திரைக்கு அடியில், நோய் உண்டாக்காத வைரஸில் ஏற்றிய ஆர்.பி.இ.65 என்ற ஜீனின் நல்ல பிரதியைச் செலுத்திப் பலன் கண்டதை 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றில் லேன்சலாட் என்ற நாய் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் வந்தது. ஆனால் அதே ஜீனை ஏற்றிய லக்ஸ்டர்னா மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற 2017 டிசம்பர் ஆனது. அறிவித்த விலை இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். அதுவும் அந்த ஒரு ஜீன் பழுதுக்கு மட்டும்; விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிஞ்சியிருந்தால் மட்டும். ஆர்.பி.க்குக் காரணமான ஜீன்களோ 80-க்கும் மேல். எலியில் பலித்தது என்று செய்தி வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். நாம் எழுத்து வாசிக்கப் பயன்படுத்தும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா எலிக்குக் கிடையாது.

இதையெல்லாம் மறைத்துவிட்டு 'ஸ்டெம் செல் ஊசி' என்று லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். நம் ஆட்களும் காட்டை ஒத்திக்கு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, இந்த நோய்க்கு முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் போடக் கூடாது. ஆய்வு என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆய்வினால் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 மருந்து ஆய்வு விதிகள் தரும் உரிமை. ஆய்வில் சேரப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவழிக்க வேண்டிய இடம் ஜீன் பரிசோதனை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் கண் மரபியல் பிரிவு இருக்கிறது. (அரவிந்தை 1976-இல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி நம்ம வடமலாபுரத்துக்காரர்.) நோயாளியோடு தாய் தகப்பனும் போய், ரத்தம் கொடுத்து, ஜீன் பெயர் போட்ட அறிக்கையை வாங்கி வையுங்கள். நாளைக்கு எந்த ஜீன் மருந்து வந்தாலும் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

இன்றைக்கே கிடைக்கக்கூடியது மாற்றுத்திறனாளி சான்று. அதிலும் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆர்.பி. உள்ளவர் குழாய் வழியாகப் பார்ப்பவர். நேரே இருக்கும் பலகையில் கடைசி வரி வரை வாசித்துவிடவும் கூடும். "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்புகிற அதிகாரிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை. பலகையில் எத்தனை வரி வாசித்தாலும் சரி.

ஆகவே பார்வைப் புலத்தை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட், அதாவது பெரிமெட்ரி அறிக்கை இல்லாமல் சான்று முகாமுக்குப் போகாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஃபீல்டு டெஸ்ட். ஆதார், போட்டோ, இந்த அறிக்கை மூன்றோடும் இ-சேவை மையத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு செய்து, பதிவு எண் தாளைப் பத்திரப்படுத்துங்கள். கல்வி, வேலை இட ஒதுக்கீட்டுக்கு சான்றில் 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும். சான்று தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாதீர்கள். காரணம் எழுதிய அந்தத் தாளை வைத்து அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். விவரம் தூத்துக்குடி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். அங்கேயும் இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வராமல் வரிசையை விட்டு நகர வேண்டாம்.