முடங்கிய விரலை நிமிர்த்திய சொந்தத் தசைநார்!

மைசூர் மைன்ஸ் கையை நம்பிப் பிழைத்த ஊர். 2001-ல் சுரங்கம் மூடும் வரை, கை போனால் கூலியும் போயிற்று என்பதே நிலை. தொழுநோயால் விரல் மடங்கியவர் கதியும் அதுதான். "இந்தச் சதையில் கத்தி வைத்தால் ஆறாது" என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள்.

அதைப் பொய்யாக்கியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். நமக்குப் பங்காருப்பேட்டையில் ரெயில் ஏறினால் காட்பாடி, பக்கத்தில் வேலூர்.

செங்கல்பட்டில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தார். பிடி இரும்பாக இருந்தது! நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலற்றிருந்தன. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன.

எப்படிச் செய்தார்?

முன்கையில் வேலை செய்யும் தசைநார் ஒன்றை வழி மாற்றினார். நீளம் போதாவிட்டால் நோயாளியின் காலிலிருந்தே நார் எடுத்து ஒட்டினார். நான்காகப் பிரித்து நான்கு விரல்களிலும் தைத்தார். சொந்த நார் ஆதலால் உடம்பு தள்ளுவதில்லை. பழைய தசை புது வேலை கற்கப் பல வாரப் பயிற்சி வேண்டும். பிறகு விரல் நிமிரும். சோறு பிசையலாம், பேனா பிடிக்கலாம்.

ஆனால் போன உணர்ச்சி திரும்பாது. சுடு டம்ளர் கையைப் பொசுக்கினாலும் தெரியாது. ஆகவே உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதத்தில் குணமாகும். கத்திக்கே வேலை இராது.