வில்ஹெல்ம் எங்கிருந்து வந்தார்?

2009 பிப்ரவரியில் ஜெர்மனிக்குப் புதிய பொருளாதார அமைச்சர் வந்தார். பிரபு குலத்தில் பிறந்த கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க். அவருக்கு முன்பெயர்கள் மட்டுமே பத்து. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்தைத் திறந்தார். பெயர் வரிசையில் ‘ஃபிலிப்’புக்கும் ‘ஃபிரான்ஸ்’க்கும் நடுவே ‘வில்ஹெல்ம்’ என்று பதினோராவதாக ஒன்றைச் செருகிவிட்டுப் போய்விட்டார். ஓரிரு நாளில் பில்ட் நாளிதழின் முதல் பக்கத்தில் வில்ஹெல்மும் சேர்ந்தே அச்சேறினார். ஷ்பீகல் இணைய இதழும் வேறு ஊடகங்களும் அப்படியே எழுதின.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. விக்கிப்பீடியாவில் சிலருக்குச் சந்தேகம் வந்து, அந்தப் பெயருக்குச் சான்று தேடினார்கள். சான்றாக வந்து நின்றது ஷ்பீகல் கட்டுரை! கலைக்களஞ்சியத்திலிருந்து பத்திரிகைக்குப் போன பொய், பத்திரிகையையே சாட்சியாக அழைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. செருகியவரே, தன் பெயரை மறைத்துக்கொண்டு, ஊடகங்களைக் கண்காணிக்கும் ஒரு வலைத்தளத்தில் உண்மையை எழுதினார். இல்லாவிட்டால் வில்ஹெல்ம் இன்னும் எத்தனை காலம் இருந்திருப்பாரோ.

ஒரு பெயர் கூடிப்போனதில் அமைச்சருக்குப் பெரிய இழப்பில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்கு நேர்ந்தது அப்படிப்பட்டதல்ல. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர் அவர். 2005 மே மாதம் அவரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் முளைத்த பக்கம், கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் அவர்மீது சந்தேகம் இருந்ததாகச் சொன்னது. எந்த ஆதாரமும் இல்லாத அந்த வரி நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தது. அந்த நவம்பரில் சீகன்தாலர் யு.எஸ்.ஏ. டுடே நாளிதழில் தன் வேதனையை எழுதினார். டிசம்பரில், உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கென்றே ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கொள்கை உருவானது.

சர்ச்சைக்கு இடமான தகவலுக்குச் சான்று இல்லையா, சான்று இருந்தும் நம்பத்தக்கதாக இல்லையா, விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கு என்பதே அதன் அடிநாதம். 2010 முதல், உயிரோடு இருப்பவரைப் பற்றிப் புதிதாக எழுதும் கட்டுரையில் ஒரு சான்றுகூட இல்லையென்றால், அறிவிப்பு ஒட்டி ஏழு நாளாகியும் சான்று சேராவிட்டால் முழுக் கட்டுரையையும் நீக்கலாம்.

இந்தக் கொள்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. நீதிமன்ற ஆவணம், வாகனப் பதிவு, வீட்டு மதிப்பைக் காட்டும் அரசுப் பதிவு போன்றவற்றைத் தோண்டியெடுத்து ஒருவரைப் பற்றி எழுதக் கூடாது என்கிறது அது. அரசு முத்திரையைவிட உறுதியான சான்று உண்டா என்று நமக்குத் தோன்றும். ஆனால் நம் ஊர் வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஒரே தலைப்பெழுத்தோடு எத்தனை முருகன்கள், எத்தனை செல்விகள்! வழக்கில் சிக்கிய முருகன்தான் இந்த எழுத்தாளர் முருகன் என்று அந்தக் காகிதம் சொல்வதில்லை. படிப்பவர்தான் முடிச்சுப் போடுகிறார். பிறந்த தேதியும் இப்படித்தான். பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து எழுதிய தேதியே சான்றிதழில் நிலைத்துவிட்ட முதியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். முத்திரை அசல், தேதி அசலல்ல.

தகவல் உண்மையாகவே இருந்தாலும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. வங்கியை அழைத்தால், பேசுவது நாம்தான் என்று உறுதிசெய்யக் கேட்பது பிறந்த தேதியை அல்லவா? அதனால்தான், பரவலாக வெளியாகாத தேதி என்றால், அல்லது உரியவர் ஆட்சேபித்தால், ஆண்டு மட்டும் போதும் என்கிறது கொள்கை. முகவரியும் தொலைபேசி எண்ணும் கூடவே கூடாது. இது மிகச் சரியான முடிவு. புகழ் பெற்றவர் என்பதாலேயே ஒருவருடைய வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்துவிடாது.

சம்பந்தப்பட்டவரே வந்து சொன்னால்? 2012இல் நாவலாசிரியர் ஃபிலிப் ராத், தன் நாவல் ஒன்றுக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று விக்கிப்பீடியா காட்டுவது தவறான ஆளை என்று முறையிட்டார். எழுதியவர் சொல் மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும் என்று பதில் வந்தது. அவர் நியூயார்க்கர் இதழின் இணையதளத்தில் திறந்த மடல் எழுதினார். அதே மனிதர், அதே செய்திதான். ஆனால் மடல் வெளியானதும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய சான்றாகிவிட்டது. ராத்தின் கோபம் நியாயமானது. ஆனாலும், நான்தான் அவர் என்று யாரும் தட்டச்சு செய்யக்கூடிய இடத்தில், இந்தக் கண்டிப்பு இல்லாமல் வழியில்லை.

விக்கிப்பீடியாவில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி ஐயத்துக்குரிய வரி கண்ணில் பட்டால், கட்டுரையின் மேலே இருக்கும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி நுழைந்த நாளைப் பாருங்கள். அடிக்குறிப்பில் உள்ள செய்தி அதற்கு முன்பே வந்ததா, பின்பு வந்ததா? பின்பு வந்தது என்றால் அதைச் சான்றாக ஏற்காதீர்கள். சான்றே இல்லாமல் ஒருவரைப் பழிக்கும் வரி என்றால் நீங்களே நீக்கலாம்; நீக்கத் தயக்கமாக இருந்தால் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் வேலை செய்பவர்கள் குறைவு. உங்கள் ஒரு வரி அங்கே உண்மையிலேயே உதவும்.