மூளையுறை அழற்சி: காரணம் காணும் முயற்சி

கடுந்தலையிடி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டாற் கண் கூசுதல் ஆகியன ஒருங்கே தோன்றுமாயின் வைத்தியர்கள் ஐயுறும் நோய்களுள் ஒன்று மூளையுறை அழற்சி. மெனிஞ்சைற்றிஸ் என வழங்குவதும் இதுவே. மூளையையும் முண்ணாணையும் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வுகள் அழற்சியுறுவதால் இந்நோய் உண்டாகின்றது.

இதனை விளைவிக்கும் கிருமிகளுள் முக்கியமானவை இருவகை. பற்றீரியாவினால் வருவது சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கக்கூடியது. ஆதலின் அன்டிபயோட்டிக் மருந்தை உடனே கொடுத்தல் வேண்டும். வைரசினால் வருவது வளர்ந்தோரிடம் பெரும்பாலும் தானே தணியும். அதற்கு அன்டிபயோட்டிக் பயன்படாது. ஆயினும் தொடக்கத்தில் இரண்டும் ஒரே கோலத்தில் வருகின்றன. வெளிக்குறிகளை மாத்திரம் கொண்டு இன்னதென்று உறுதிசெய்தல் இயலாது.

அவ்வாறாயின் பிரித்தறியும் வழி யாது? 1891ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் குயின்க்கே, முதுகின் அடிப்பகுதியில் ஊசி செலுத்தி முண்ணாணைச் சூழ்ந்த நீரை எடுக்கும் முறையை அறிவித்தார். இன்று அந்நீரிலுள்ள வைரசின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கி அடையாளங் காண்கின்றனர்.

இங்கிலாந்தின் 42 வைத்தியசாலைகளில் 2011 முதல் 2014 வரை நடைபெற்று, 2018இல் வெளியான ஆராய்ச்சியொன்று இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. அதிலே மூளையுறை அழற்சி கண்ட வளர்ந்தோர் 638 பேர். அவர்களுள் 231 பேருக்கு வைரசும் 99 பேருக்குப் பற்றீரியாவும் காரணமாயின. 267 பேருக்கோ காரணம் இன்னதென்றே தெரியவில்லை! வைரசுகளுள் முதலிடம் பெற்றவை குடலிற் பெருகும் என்ரரோ வைரசுகள். ஹெர்ப்பிஸ் வைரசும், கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரசும் அடுத்து நின்றன.

இத்துணைப் பேருக்குக் காரணம் புலப்படாமைக்குத் தாமதமும் ஓர் ஏது. விரைவில் ஊசியிட்டு நீரெடுத்தவர்களிடம் கிருமி கூடுதலாக அகப்பட்டது. தலையைப் படம்பிடித்த பின்னரே ஊசியிடலாம் என்று காத்திருந்தமை தாமதத்தை வளர்த்தது. மூளையில் அழுத்தம் மிகுந்ததற்கான அறிகுறி உடையோருக்கு அப்படம் இன்றியமையாதது, எல்லோருக்கும் அன்று.

சிகிச்சையின் நிலை என்ன? அசைக்கிளோவிர் என்னும் மருந்து, மூளையையே தாக்கும் ஹெர்ப்பிஸ் நோயில் உயிர்காக்க வல்லது. மூளையுறையளவில் நிற்கும் அழற்சிக்கு அது பயன் தருமென்பது இன்னும் நிறுவப்படவில்லை. அவ்வாராய்ச்சியில் வைரசு நோயாளர் வைத்தியசாலையில் தங்கிய இடைநிலைக் காலம் 4 நாள்; வைரசெதிர் மருந்து பெற்றோருக்கோ அது 9 நாள். ஆகவே நோவு தணித்தலும், நீராகாரமும், ஓய்வுமே இன்றைய சிகிச்சை. இதனை அற்ப நோயென்று கொள்ளலும் தவறு. குணமடைந்த பின்னரும் தலையிடி, மறதி, களைப்பு ஆகியன சிலரை மாதக்கணக்கில் வருத்துவதுண்டு.

நேயர்களே, முதுகில் ஊசியிட்டாற் கால் வழங்காது போய்விடும் என அஞ்சி, சம்மதம் தர மறுப்போர் உளர். வளர்ந்தோரில் முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேயே ஊசி செலுத்தப்படுகின்றது என்பதை அவர்கள் அறிதல் நன்று. சில நாட்கள் தலையிடி இருக்கலாம். அது பெரும்பாலும் மாறிவிடும்.

வகுப்பிற் குழப்பம் விளைவித்தவன் யாரென அறியாது எல்லோரையும் தண்டிக்கும் ஆசிரியனை நாம் மெச்சுவதில்லை. நோய் முதல் அறியாது மருந்தூட்டுவதும் அத்தகையதே. மேற்கூறிய குறிகள் தோன்றின், வைரசோ பற்றீரியாவோ என்று வீட்டிலிருந்து ஆராயாது, உடனே வைத்தியசாலையை நாடுங்கள். வைத்தியர் ஊசியிட வேண்டுமென்றால், அஞ்சாது இசையுங்கள்.