அமுதசுரபியும் ஆலங்குச்சியும்

சாத்தனார் மணிமேகலையிற் கூறும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். வேறு கருத்துடையாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், அமுதசுரபிக் கதை இத்தீவினர் நெஞ்சில் வேரூன்றியதொன்று. குறிகட்டுவான் துறையினின்றும் கடல் கடந்து நாகபூஷணி அம்மனை வழிபட வரும் அடியார்க்கு அன்னமிடும் மண்டபம் அப்பெயராலேயே வழங்குதல் காண்க.

அக்கதையில் உணவறத்தின் இரு கூறுகள் உள. மரக்கலம் தன்னை விட்டகல, மணிபல்லவத்தில் தனித்து நின்றான் ஆபுத்திரன். கையிலோ அள்ளக் குறையாத பாத்திரம், உண்பிக்க ஒருவருமில்லை. தன் வயிறொன்றையே ஓம்ப உளங்கொள்ளாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பால் உயிர்நீத்தான். இது பகுத்துண்ணல். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகைக்கோ மணிமேகலை இட்ட ஒரு பிடி சோறே போதியதாயிற்று. இஃது அளவறிதல்.

அளவறியாப் பசி இன்று இனிப்பின் வடிவில் வந்துளது. பல்லின்மேற் படியும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அச்சேதத்தை மெல்ல ஈடுசெய்ய வல்லது. ஆயின் அதற்கு இடைவேளை வேண்டும். ஓயாது இனிப்பைச் சுவைப்பான் வாய்க்கு அவ்விடைவேளை ஏது? உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோயுற்றோர் என 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உணவிற் சேர்க்கும் சர்க்கரையும், தேன், பழச்சாறு முதலியவற்றின் இனிப்பும் சேர்ந்து, நாளொன்றுக்கு நாம் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டிற்கும் குறைவாதல் வேண்டுமென அது 2015-இல் விதித்துளது.

பெருவாயின் முள்ளியார் செய்த ஆசாரக்கோவை இவ்விடத்து நினைக்கத்தக்கது. காலையிற் கோலால் பல் துலக்குக என்பதும், விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு ஊட்டிய பின்னரே உண்க என்பதும் அவ்வொரு நூலின் விதிகளே. இனிப்பை முதலிலும் கைப்பை இறுதியிலும் உண்க என்றும் அது கூறும். வாய்த்தூய்மையும் ஊணறமும் பண்டையோர்க்கு ஒரே ஒழுக்கத்தின் இரு முகங்களாயிருந்தன. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் இருந்த இடத்தை இன்று தூரிகையும் புளோரைட்டு கலந்த பற்பசையும் பெற்றமை நன்றே. ஒழுக்கம் மாறாதிருத்தலே வேண்டற்பாலது.

தீவக மண்ணுக்கு இயைந்த உணவைத் தருவது பனை. நீர் பாய்ச்ச வேண்டாது, வறட்சியையும் உவர்க்காற்றையும் தாங்கி நின்று, ஒடியலும் பனாட்டும் பனங்கட்டியும் நல்குவது அது. மீனும் கீரையும் பயற்றங்காயும் இட்டு ஆக்கிய ஒடியற்கூழைப் பலர் கூடியிருந்து பருகுதல் பகுத்துண்ணலுக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு. எனினும் உண்மையை மறைத்தலாகாது: பனங்கட்டியும் சர்க்கரையே, பல்லிற்கு அது விலக்கன்று. பனங்கட்டியைச் சிறிது கடித்து வெறுந்தேநீர் பருகும் நம் வழக்கமும், நாளிற் பன்முறை நிகழின், பல்லைக் கெடுக்கும். மண்ணுக்கு நல்லதாயினும் அளவோடு உண்டாலன்றி வாய்க்கு நல்லதாகாது.

ஈதலுக்கும் இவ்வளவு உண்டு. விருந்தின் முடிவில் அன்போடு நீட்டும் தாம்பூலம் புகையிலை கலவாவிடினும் புற்றுநோய்க்குக் காரணமாவதென, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2004-ஆம் ஆண்டு ஏடு உரைக்கின்றது. கொள்வோனை வருத்தும் கொடை அறமாதல் யாங்ஙனம்?

எனவே தண்ணீர்ப் பந்தல் இடுவோர் நிறமூட்டிய இன்பானத்தை விடுத்து நன்னீரும் மோரும் வழங்குவாராக. இன்பானம் பருகியவர் படகேறிச் சென்றபின், வெற்றுப் போத்தல் தீவில் எஞ்சும்; இனிப்பு அவர்தம் பல்லில் எஞ்சும். நன்னீர் அரிதாய தீவில் நன்னீர் வழங்குதலினும் பெருங்கொடை யாதுளது? ஆசிரியன்மாரும் மாணாக்கரும் இவ்வழக்கத்தைத் தத்தம் பாடசாலை விழாக்களிலேயே தொடங்கலாம்.