பழைய பிளாஷ் விளக்கும் புதிய கமராவும்



பழைய பிளாஷ் விளக்கொன்றைக் கமராவின் மேலுள்ள பொருத்தியிற் செருகுவது ஒரு கணத்தில் முடியும் காரியம். ஆயின், அக்கணத்திலேயே பெருவிலை கொடுத்து வாங்கிய கமரா பழுதடைந்துவிடவுங் கூடும். அஃது ஏன் நிகழ்கின்றது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பனவற்றை இன்று நோக்குவோம்.

தூரமானிக் கமராவில், பார்க்கும் சாளரத்திலே பொருளின் இரண்டு உருவங்கள் தோன்றும். வில்லையைத் திருப்பி அவ்விரண்டையும் ஒன்றாக்கினால் குவியம் சரியாகிவிடும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த லைக்கா எம்3 இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. படச்சுருளுக்குப் பதிலாக ஒளியுணர் தகட்டைக் கொண்ட முதலாவது தூரமானிக் கமரா 2004இல் வந்த எப்சன் ஆர்-டி1 ஆகும். 2006இல் லைக்கா எம்8 வந்தது. எம்3 கமராவுக்கென அன்று செய்யப்பட்ட வில்லைகளுட் பலவற்றை எம்8இலும் பொருத்திப் படம் எடுக்கலாம். ஐம்பது ஆண்டுப் பழைய வில்லை பொருந்துமாயின் பழைய பிளாஷ் விளக்கும் பொருந்துந்தானே என்று பலர் எண்ணுவது இதனாலேயே. வில்லை வெறுங் கண்ணாடியும் உலோகமும் ஆகும். விளக்கோ மின்சாரத்தைச் சுமந்து நிற்பது. வேற்றுமை அங்கேதான் இருக்கின்றது.

பிளாஷ் விளக்கினுள்ளே செனன் வாயு அடைக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றுண்டு. பற்றரியின் சிறிய மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ற்றாக உயர்த்தப்பட்டு, கொள்ளளவி என்னும் உறுப்பிலே சேமிக்கப்படுகின்றது. கமரா செய்வதெல்லாம் ஒரு சுற்றை மூடி, ‘இப்பொழுது ஒளிர்க’ என்று கட்டளையிடுவதே. அக்கட்டளைக்காகக் காத்திருக்கும் வேளையில், விளக்கின் அடியிலுள்ள தொடுமுனையில் ஒரு மின்னழுத்தம் நிற்கும். இதனைத் தூண்டல் மின்னழுத்தம் எனலாம். பழைய விளக்குகள் சிலவற்றில் இது 200 வோல்ற்றையுந் தாண்டும்.

அன்றைய கமராக்களில் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுச் சுற்றை மூடின. இவ்வழுத்தம் அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. இன்றைய கமராவில் அவ்வேலையைச் செய்வது சின்னஞ்சிறு குறைகடத்தி ஆளி. தாங்கும் அளவுக்கு மேற்பட்ட அழுத்தம் வந்தால் அது பழுதாகும். 1992ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதி இவ்வழுத்தத்துக்கு 24 வோல்ற்றை எல்லையாகக் கொண்டுள்ளது. எனினும் எல்லாக் கமராக்களுக்கும் எல்லை ஒன்றன்று. உங்கள் கமராவின் கைந்நூல் கூறுவதே உங்களுக்கு விதி.

‘ஒருமுறை பொருத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது சான்றாகாது. குறைகடத்தி சில வேளைகளில் முதல் அடியைத் தாங்கிப் பின்னொரு நாளில் ஓய்ந்துவிடும். விளக்கின் பெயரும் போதிய சான்றன்று. விவிட்டார் 283 என்ற ஒரே பெயரில், யப்பானிற் செய்யப்பட்ட ஆரம்பகால விளக்குகள் 200 வோல்ற்றுக்கு மேற் காட்டுவதுண்டு; பிற்காலத்தில் வந்தவை 10 வோல்ற்றுக்குங் குறைவாகக் காட்டுவதுண்டு. ஆகவே கையிலுள்ள விளக்கையே அளந்து பார்த்தல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. விளக்கைக் கமராவிற் பொருத்தாது மேசைமீது வையுங்கள். புதிய பற்றரிகளை இட்டு, ஆயத்த விளக்கு எரிந்தபின் இன்னுஞ் சற்றுப் பொறுங்கள். பல்மானியை நேரோட்ட அழுத்தத்துக்கு, 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட வீச்சில் அமையுங்கள். சிவப்பு முனையை அடியின் நடுத் தொடுமுனையிலும், கறுப்பு முனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். தொடுமுனைகளை விரலாற் தொடவேண்டாம். காட்டும் எண் கமராவின் எல்லைக்குக் கீழே இருந்தால் அச்சமில்லை. எண்ணுக்கு முன் கழித்தற் குறி தோன்றினால் முனைகள் மாறியுள்ளன. அவ்விளக்கைக் கமராவிற் பொருத்தாதீர்கள்.

எண் மிகுந்திருந்தால் விளக்கை எறிந்துவிட வேண்டுவதில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் இடைப்பொருத்தி ஒன்றை நடுவே இடலாம். அல்லது கமராவிற் பாதுகாப்பான சிறுவிளக்கொன்றை வைத்து, அதன் ஒளியை உணரும் கருவி மூலம் பழைய விளக்கைத் தூரத்தில் நிறுத்தி ஒளிரச் செய்யலாம். அக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு, அதனையும் பார்த்துக்கொள்க.

பாதுகாப்பு உறுதியானபின் படமெடுப்பதிற் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஷட்டரின் வேகம். எம்8 கமராவுக்கு ஒரு செக்கனின் 250இல் ஒரு பங்கும், 2009இல் வந்த எம்9 கமராவுக்கு 180இல் ஒரு பங்கும் எல்லை. அதனிலும் விரைவாக வைத்தால் ஷட்டரின் திரைகள் முழுவதுந் திறந்திராத வேளையில் ஒளி பாயும். படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். அது விளக்கின் குற்றமன்று. இரண்டாவது, ஒளியின் அளவு. பழைய விளக்கு புதிய கமராவோடு உரையாடாது. கணக்கை நாமே செய்ய வேண்டும். விளக்கின் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் துவாரத்தின் எண் வரும். வழிகாட்டி எண் மீற்றரில் 32 ஆகவும், பொருள் 4 மீற்றர் தூரத்திலும் இருந்தால், துவாரம் 8 ஆகும். கமராவின் ஒளியுணர்திறனும் அவ்வெண்ணுக்குரிய அளவிலேயே இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழுதான பிளாஷ் விளக்கை வீட்டிலே திறந்து பார்க்க முயலாதீர்கள். பற்றரியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கி நிற்கும். அதன் தாக்குதல் உயிருக்கே ஆபத்தாகலாம். கமரா கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஆதலால் அளந்து பார்த்த பின்னரே பொருத்துங்கள். திறக்கும் வேலையை அத்தொழில் அறிந்தவரிடமே விடுங்கள்.