பைன் மரத்தின் காயமும் டர்ப்பன்டைனும்

கற்பூரத்தை ஏற்றினால் அது எரிந்து, சாம்பல் சிறிதும் இன்றி மறைந்துவிடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இந்தக் கற்பூரம் எங்கிருந்து வருகிறது? கற்பூர மரத்திலிருந்து என்று பலர் விடை கூறுவர். ஒரு காலத்தில் அது சரியான விடையே. ஆனால் இன்று நம் கடைகளில் கிடைக்கும் கற்பூரத்தின் பெரும்பகுதி, டர்ப்பன்டைன் என்னும் எண்ணெயில் உள்ள பொருளைக் கொண்டு தொழிற்சாலைகளில் செய்யப்படுவதாகும். டர்ப்பன்டைனோ பைன் மரத்தின் பிசினிலிருந்து கிடைப்பது. வயலின் வித்துவான் தம் வில்லில் தேய்த்துக்கொள்ளும் ரோசின் கட்டியும், வானொலிப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர் ஈயப் பற்று வைக்கும்போது பயன்படுத்தும் ரோசினும் அதே பிசினின் மற்றொரு பகுதியே.

இந்தியாவில் இப்பிசின் பெரும்பாலும் சிர் பைன் என்னும் மரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்களில், ஏறத்தாழ 500 முதல் 2,000 மீட்டர் வரை உயரமுள்ள இமயமலைச் சரிவுகளில் இம்மரம் காடாக வளர்கிறது. மும்மூன்றாகக் கொத்தாக அமைந்த நீண்ட ஊசியிலைகளைக் கொண்டு இதனை எளிதில் அடையாளம் காணலாம். உத்தராகண்ட் மலைமக்கள் இதன் பிசினை 'லீசா' என்று அழைக்கின்றனர்.

மரத்தைக் காயப்படுத்தாமல் பிசினைப் பெற முடியாது. அப்படியானால் எவ்வளவு ஆழம் காயப்படுத்தலாம்? மரம் பிழைப்பதும் பிழைக்காததும் இக்கேள்விக்கு நாம் காணும் விடையைப் பொறுத்ததாகும். இதனை இயற்பியல் கண்கொண்டு ஆராய்வோம்.

சாறு வேறு, பிசின் வேறு

பைன் மரத்தின் 'சாற்றை' இறக்குகிறார்கள் என்று சிலர் கூறுவதுண்டு. இது பொருத்தமன்று. பனையிலிருந்து நாம் இறக்கும் பதநீர், சர்க்கரை கலந்த சாறு. அது மரத்தின் உணவு. பைன் பிசின் மரத்தின் உணவன்று. அதை மரத்தின் மருந்து எனலாம். வண்டு பட்டையைத் துளைத்தாலும், கிளை ஒடிந்தாலும், அவ்விடத்தில் பிசின் வழிகிறது. துளைத்த பூச்சியை அது மூழ்கடிக்கிறது. பின்னர் காற்றுப் பட்டு இறுகிப் புண்ணை மூடிவிடுகிறது. கருவேலம் பிசினும் முருங்கைப் பிசினும் நீரில் ஊறும். பைன் பிசினோ நீரில் கரைவதில்லை. ஆகவே மழை பெய்தாலும் அந்த மூடி கரைந்து போவதில்லை.

பைன் மரக்கட்டையினுள் நுண்ணிய பிசின் குழல்கள் உள்ளன. சில மேலும் கீழுமாகச் செல்கின்றன. சில பட்டையிலிருந்து உள்நோக்கிக் கிடையாகச் செல்கின்றன. இவ்விரு வகையும் ஆங்காங்கே இணைந்து ஒரு வலையாக அமைந்துள்ளன. குழலின் உட்சுவராக அமைந்த உயிருள்ள செல்கள் பிசினைச் சுரந்து குழலை நிரப்புகின்றன. இச்செல்கள் நீரால் விம்மியிருப்பதால், குழலில் உள்ள பிசின் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. விடியற்காலையில் இவ்வழுத்தம் மிகுதியாகவும், இலைகள் நீரை மிகுதியாக ஆவியாக்கும் நண்பகலுக்குப் பின் குறைவாகவும் இருக்கும். குழலை வெட்டியதும் பிசின் பீறிடுவது இந்த அழுத்தத்தினாலேயே.

ஒழுக்கின் விதி

மெல்லிய குழாயில் திரவம் பாயும் அளவைக் கணக்கிடும் பாய்சொய் விதியை மாணவர்கள் படித்திருப்பார்கள். அழுத்தம் கூடினால் ஒழுக்கு கூடும். பாகுநிலை கூடினால் ஒழுக்கு குறையும். இவை இரண்டையும்விட முக்கியமானது குழாயின் ஆரம். ஒழுக்கு, ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, ஆரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே ஒழுக்கு இரு மடங்காகிவிடுகிறது.

பிசின் இறக்கும் தொழிலின் பல நடைமுறைகளை இவ்விதியைக் கொண்டு விளக்கலாம். குளிர்காலத்தில் பிசின் தேனைப்போலக் கெட்டியாகிறது. அதன் பாகுநிலை மிகுதி. எனவேதான் ஏறத்தாழ மார்ச்சு முதல் நவம்பர் வரையே பிசின் எடுக்கின்றனர். வெட்டிய சில நாள்களில் ஒழுக்கு நின்றுவிடுவது ஏன்? வெட்டுவாயில் உள்ள பிசினிலிருந்து டர்ப்பன்டைன் ஆவியாகிறது. எஞ்சிய அமிலப் பொருள் படிகமாகிக் குழலின் வாயை அடைக்கிறது. உட்சுவர்ச் செல்களும் விம்மிக் குழலின் ஆரத்தைக் குறைக்கின்றன. ஆகவே வாரத்திற்கு ஒரு முறையேனும் வெட்டைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது.

ஆழ வெட்டிய காலம்

ஆழமாக வெட்டினால் அதிகப் பிசின் கிடைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமரத்திலேயே கோடரியால் ஒரு பள்ளம் குடைந்து, அதிலேயே பிசினைத் தேக்கினர். குடைந்த மரங்கள் காற்றில் முறிந்தன, தீயில் கருகின. ஓரிடத்துக் காடு அழிந்ததும் தொழில் அடுத்த காட்டிற்கு நகர்ந்தது. பிரான்சு நாட்டின் லாண்ட் பகுதியிலோ, 1840களிலேயே பியேர் யூக் என்பவர், மரத்தைக் குடையாமல் ஒரு மண்கலயத்தைத் தொங்கவிடும் வழியைக் கண்டிருந்தார். ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த வேதியியலறிஞர் சார்லசு ஹெர்ட்டி, 1901ஆம் ஆண்டு முதல் சோதனைகள் நடத்தி, தகரத் தகடும் மண்கலயமும் கொண்ட முறையை அமெரிக்காவிற்கு ஏற்றபடி அமைத்து, 1903இல் காப்புரிமை பெற்றார். பள்ளம் குடையாத மரம் நெடுநாள் வாழ்ந்ததோடு, தூய பிசினையும் மிகுதியாகத் தந்தது.

இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிசின் எடுக்கத் தொடங்கியபோது இந்தக் கலய முறையே பின்பற்றப்பட்டது. வாய்ச்சி போன்ற கருவியால் மரத்தில் சுமார் 10 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு பட்டையைச் செதுக்கி, அதன் அடியில் தகடும் கலயமும் பொருத்தினர். செதுக்கிய இடம் சில நாள்களுக்கு ஒரு முறை மேல்நோக்கி நீட்டப்பட்டது. விதியில் ஆழத்திற்கு வரம்பு இருந்தது. காட்டில் வெட்டுவோர் கையில் அவ்வரம்பு பல வேளைகளில் மீறப்பட்டது.

இதனால் விளைந்த தீங்கு என்ன? சிர் பைனின் தடித்த பட்டை வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கோடையில் தரையில் உதிர்ந்த ஊசியிலைகள் பற்றி எரிந்தாலும், பட்டையினுள் இருக்கும் உயிருள்ள படலம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பட்டையைச் செதுக்கிவிட்ட இடத்திலோ காப்பு இல்லை. அதுமட்டுமன்று, அங்கே உறைந்து கிடக்கும் பிசின் எளிதில் பற்றக்கூடியது. தரைத் தீ காயத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது, அடிமரம் பொந்தாகிறது, அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்கிறது. 1977ஆம் ஆண்டு டெஹ்ரி கட்வால் பகுதியில் சிப்கோ இயக்கத்தினர், அளவு மீறிச் செதுக்கப்பட்ட பைன் மரங்களின் காயங்களுக்கு மண் பூசிக் கட்டுப் போட்டனர். அறிவியல் கூறும் உண்மையை அம்மலைமக்கள் தம் கண்ணால் கண்டறிந்திருந்தனர்.

2 மில்லிமீட்டர் போதும்

பிசினைச் சுரக்கும் செல்கள் மரத்தின் நடுவில் உள்ள வைரக்கட்டையில் உயிரோடு இல்லை. பட்டையை அடுத்த வெளிக்கட்டையிலேயே அவை சுறுசுறுப்பாக இயங்குகின்றன. குழல்கள் வலையாக இணைந்திருப்பதால், அங்கே வாயைத் திறந்துவிட்டாலே சுற்றுப்புறப் பிசின் அதை நோக்கி வந்து சேரும். ஆகவே ஆழ வெட்டுவதால் பயனில்லை. வாயை மூடாமல் வைத்திருப்பதே தேவை.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் வகுத்த 'ரில்' முறை இந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. இதில் முதலில் புறப்பட்டையை மட்டும் சீவி வழவழப்பாக்குகின்றனர். நடுவில் ஒரு நேர்க்கோடு. அதன் இருபுறமும் சாய்வாக, தென்னங்கீற்றின் ஈர்க்குகள் நடு நரம்பைச் சேர்வதுபோல, மெல்லிய கோடுகளைத் தனிக் கத்தியால் கீறுகின்றனர். கட்டையில் கோட்டின் ஆழம் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. கீறிய கோட்டில் நீர்த்த கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவையைச் சிறிதளவு தெளிக்கின்றனர். அமிலம் வெட்டுவாயில் உள்ள சுவர்ச் செல்களைச் சுருங்கச் செய்கிறது. குழலின் ஆரம் கூடுகிறது, அடைப்பும் தாமதமாகிறது. நான்காம் அடுக்கு விதியின் ஆற்றலை இங்கே காணலாம். கத்தி செய்யாததை ஆரத்தின் சிறு மாற்றம் செய்துவிடுகிறது. ஆனால் அமிலத்தைக் கையாளும் தொழிலாளிக்குக் கையுறையும் கண்காப்பும் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இதனினும் புதியது துளை முறை. மரத்தில் சிறு துளையிட்டு, அதன் வாயில் மூடிய பையைப் பொருத்துகின்றனர். காற்றுப் படாததால் டர்ப்பன்டைன் ஆவியாகி வீணாவதில்லை. தூசியும் மழைநீரும் கலப்பதில்லை.

எம்முறையாயினும் சில கட்டுப்பாடுகள் பொதுவானவை. சுமார் 90 செ.மீ. சுற்றளவுக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. இரு காயங்களுக்கு இடையே போதிய பட்டையை விட்டுவைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் மரத்திற்கு ஓய்வு தர வேண்டும்.

155 பாகையில் கொதிப்பது 96 பாகையில் வருவதெப்படி?

சேர்த்த பிசின், தகர டின்களில் மலையிறங்கி ஆலைக்கு வருகிறது. இமாசலப் பிரதேசத்தில் நாகன், பிலாஸ்பூர் ஆகிய ஊர்களில் இத்தகைய ஆலைகள் உள்ளன. அங்கே பிசினை உருக்கி, வடிகட்டிக் குப்பைகளை நீக்குகின்றனர். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டர்ப்பன்டைன். எஞ்சியதில் பெரும்பகுதி ரோசின். இரண்டையும் பிரிக்க வேண்டும். டர்ப்பன்டைனில் உள்ள பைனீன் என்னும் பொருளின் கொதிநிலை 155° செ. அவ்வளவு சூடேற்றினால் ரோசின் கருத்துப்போகும். வெளிர்நிற ரோசினுக்கே மதிப்பு அதிகம்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சூடான பிசினுள் நீராவியைச் செலுத்துகின்றனர். ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் தத்தம் ஆவி அழுத்தத்தைத் தனித்தனியே செலுத்தும். இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தமான 760 மி.மீ. பாதரசத்தை எட்டியதும் கலவை கொதிக்கும். 95.6° செ. வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தம் சுமார் 647 மி.மீ.; டர்ப்பன்டைனின் ஆவி அழுத்தம் சுமார் 113 மி.மீ.; கூட்டுத்தொகை 760! ஆகவே நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கும் கீழேயே டர்ப்பன்டைன் நீராவியோடு சேர்ந்து வெளியேறுகிறது.

அளவையும் கணக்கிடலாம். நீரின் மூலக்கூறு எடை 18. பைனீனின் மூலக்கூறு எடை 136. அழுத்தத்தை மூலக்கூறு எடையால் பெருக்கி ஒப்பிட்டால், ஒவ்வொரு கிராம் நீருக்கும் ஏறத்தாழ 1.3 கிராம் டர்ப்பன்டைன் வருவதைக் காணலாம். குளிர்வித்ததும் டர்ப்பன்டைன் நீரின்மேல் மிதக்கும்; தனியே வடித்துக்கொள்ளலாம். கொப்பரையில் எஞ்சும் ரோசின், ஆறியதும் மஞ்சள் கண்ணாடிபோல இறுகுகிறது.

பெயின்ட் கடைகளில் இன்று 'டர்ப்பன்டைன்' என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் வேறு எண்ணெய் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சிர் பைன் டர்ப்பன்டைனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், நமது சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் சைமன்சன் ஆவார். 1919இல் அவர் டேராடூன் சென்றார். இந்த எண்ணெயிலிருந்து கேரீன், லாங்கிஃபோலீன் என்னும் இரு பொருள்களைப் பிரித்தெடுத்தார். சிர் பைனுக்கு அக்காலத்தில் வழங்கிய 'பைனஸ் லாங்கிஃபோலியா' என்ற பெயரே இரண்டாவதன் பெயருக்கு மூலமாகும்.

ஒரு சிர் பைன் மரம் ஆண்டுக்குத் தருவது சில கிலோகிராம் பிசினே. அதற்காக ஓர் அங்குல ஆழம் வெட்ட வேண்டியதில்லை. 2 மில்லிமீட்டர் போதும் என்று அறிவியல் காட்டியுள்ளது. அந்த வரம்பைக் காக்க வேண்டியது கத்தியைப் பிடிக்கும் கையும், அக்கைக்குக் கூலி தருவோரும், அதனை மேற்பார்வையிடுவோருமே. நாம் ஏற்றும் கற்பூரம் சுவடின்றி மறையும். ஆனால் மரத்தில் பதிந்த காயம் எளிதில் மறைவதில்லை.